‘அவன் மாறிடுவான்!’ - மனக்காயக் காதல் கதைகள் நிஜத்தில் மருந்தா, மயக்கமா?

ராத்திரி 1 மணி. காலையில் 7 மணிக்கு பஸ் பிடிக்கணும். ஆனாலும், ‘இந்த ஒரே ஒரு எபி மட்டும்’ என்று போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு போர்வைக்குள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கதையில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, அடியும் அவமானமும் பட்டு, அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். பக்கத்தில் யாராவது சட்டென்று கையைத் தூக்கினாலே ஒடுங்கிப்போகிறாள். அவன், மேலதிகாரியோ, அத்தை மகனோ, எதிர்வீட்டு டாக்டரோ, அந்த ஒடுங்கலைக் கவனித்துவிடுகிறான். எதுவும் கேட்கவில்லை. கையைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்கிறான். அவ்வளவுதான் காட்சி. உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. தூக்கம் போச்சு.

போனில் தமிழ்க் காதல் தொடர்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த வகைக் கதைகள் அத்துப்படி. ‘அடுத்த யூடி எப்போ?’ என்று எழுத்தாளரை விடாமல் துரத்துவதும் இதுபோன்ற கதைகளுக்குத்தான் அதிகம். விவாகரத்தான நாயகி, அம்மா அப்பாவை இழந்து உறவினர் வீட்டில் சொல்லடி பட்டு வளர்ந்த நாயகி, காதலித்தவன் நடுவழியில் விட்டுப்போன நாயகி, சின்ன வயதில் அப்பா செய்த துரோகத்தைப் பார்த்து இறுகிப்போன நாயகன்... காயம் முதல் அத்தியாயத்துக்கு முன்பே நடந்துவிடும். காதல் அந்தக் காயத்தை ஆற்றும். ஃபார்முலா இதுதான்.

‘இதெல்லாம் டைம்பாஸ்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வேண்டாம். இந்தக் கதைகள் நமக்குள் இரண்டு விதமான வேலைகளைச் செய்கின்றன. ஒன்று நிஜமாகவே நல்லது. இன்னொன்று, தெரியாமல் விட்டால், நிஜ வாழ்க்கையில் தப்பான ஆள் பக்கத்தில் நம்மை உட்கார வைத்துவிடக்கூடியது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

முடிவு தெரிந்த பயணம்

காதல் நாவல் என்றால் என்ன? அமெரிக்காவின் காதல் நாவல் எழுத்தாளர்கள் சங்கம் இரண்டே நிபந்தனைகள் சொல்கிறது. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் இங்கே முக்கியம். ‘கடைசியில் அவள் நல்லா இருப்பாள்’ என்பது அட்டையைத் திறக்கும்போதே உங்களுக்குத் தெரியும். நிஜத்தில் காயம்பட்ட யாருக்கும் கிடைக்காத உத்தரவாதம் இது.

அந்த உத்தரவாதம் கையில் இருப்பதால்தான், நேராகப் பார்க்க முடியாத விஷயங்களைக் கதைக்குள் போய்ப் பார்க்க முடிகிறது. உங்கள் வீட்டில் நடந்ததை நினைத்து அழ முடியாது. அழுதால் யாராவது ‘என்னாச்சு?’ என்று கேட்பார்கள். ஆனால் கதையில் வரும் ஒருத்திக்காக அழலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், ‘ஸ்டோரி சோகமா போகுது’ என்று சொல்லிவிடலாம்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், 1984-ல் வெளியான தன் புத்தகத்துக்காக இதைப் பற்றி வாசகிகளிடமே போய்க் கேட்டார். அந்த ஊரின் நிஜப் பெயரை மறைத்து ‘ஸ்மித்டன்’ என்று பெயர் வைத்தார். கணவன், குழந்தை, சமையல் என்று ஓடிக்கொண்டிருந்த சாதாரணப் பெண்கள்தான் அவர் சந்தித்த வாசகிகள். ‘ஏன் படிக்கிறீங்க?’ என்ற கேள்விக்கு ராட்வே கண்டுகொண்ட பதில் காதலே இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் ‘என்னுடையது’ என்பதுதான் பதில். வீட்டில் எல்லோரையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தரும் இல்லை. கதையில் வரும் நாயகியையாவது ஒருவன் உட்கார வைத்து, ‘சாப்டியா?’ என்று கேட்கிறான் இல்லையா? அந்தக் கவனிப்பைத்தான் அவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

நம் ஊர் வாடகை நூலகங்களில் ரமணிசந்திரன் நாவலுக்காகப் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்த அம்மாக்களையும் அத்தைகளையும் நினைத்துப் பாருங்கள். அடுப்படி வேலை முடிந்து, மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் என்ன படித்தார்கள், ஏன் படித்தார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. ராட்வே மாதிரி ஒருவர் இங்கேயும் வந்து கேட்டிருக்கலாம்.

ராட்வே இன்னொன்றையும் கவனித்தார். கதையின் தொடக்கத்தில் நாயகன் முரட்டுத்தனமாக, சில நேரம் கொடூரமாகவே நடந்துகொள்வான். கடைசியில், ‘உன்னைக் காதலித்ததால்தான், அதை வெளியே காட்டத் தெரியாமல்தான் அப்படி நடந்தேன்’ என்ற விளக்கம் வரும். உடனே முன்பக்கத்தில் நடந்த எல்லாக் கொடுமைக்கும் அர்த்தம் மாறிவிடும். வெறுப்பு என்று நினைத்தது காதலாம்! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1847-ல் கிளம்பிப் போன பெண்

இந்த வகைக் கதைகளுக்குப் பாட்டி என்று ஒருத்தியைச் சொல்வதானால், சார்லட் ப்ரான்டேயின் ‘ஜேன் அயர்’தான். 1847-ல் வெளிவந்தது. பத்து வயது அநாதைச் சிறுமியை அத்தைக்காரி ஓர் அறையில் தனியாகப் பூட்டிவைக்கிறாள். அந்தப் பயம் ஜேனின் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. விடுதிப் பள்ளியில் பசி, குளிர், ஒரே தோழியின் மரணம். வளர்ந்து வேலைக்குப் போன வீட்டில் ரோச்செஸ்டர் என்ற முரட்டு முதலாளி. காதல். கல்யாண நாளன்று, அவன் முதல் மனைவி உயிரோடு மாடியில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரியவருகிறது.

இன்றைய தொடர்களில் பல இந்த இடத்தில் நாயகியை அழவிட்டு, நாயகனின் சோகமான முன்கதையைச் சொல்லி, மன்னிக்க வைத்துவிடும். ரோச்செஸ்டரும் தன் சோகக் கதையைச் சொல்கிறான். அவன்மேல் அவளுக்குப் பரிதாபம் வருகிறது. காதலும் போகவில்லை. ஆனாலும் கையில் சொற்பக் காசோடு விடியும் முன்பே கிளம்பிப் போய்விடுகிறாள். பிறகு சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கிறாள், வேலை பார்க்கிறாள், 20,000 பவுண்டு சொத்து வருகிறது, அதையும் நான்கு பங்காகப் பிரித்துக்கொள்கிறாள். அவனிடம் திரும்பும்போது அவளுக்கு அவன் தயவு தேவையில்லை. விருப்பப்பட்டுத்தான் வருகிறாள்.

‘அவன் மாடியில் அடைத்து வைத்த அந்த முதல் மனைவியின் கதி?’ என்று உங்களுக்குத் தோன்றினால், சபாஷ். ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளருக்கும் அப்படியே தோன்றி, 1966-ல் அவள் பக்கக் கதையைத் தனி நாவலாக எழுதினார். பெயர் ‘வைட் சர்காஸோ ஸீ’. ஒருத்தியின் காயம் ஆறும் கதைக்குள் இன்னொருத்தியின் காயம் மறைந்து கிடக்கலாம். தமிழ்த் தொடர்களில் ‘வில்லி’யாக வரும் முன்னாள் மனைவிகளையும் இதே கண்ணால் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

ஜெயகாந்தன் செய்த பரிசோதனை

தமிழில் இந்த விஷயத்தை ஜெயகாந்தன் அளவுக்குத் துணிந்து தொட்டவர்கள் குறைவு. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். பிறகு நடப்பது அவள் வாழ்க்கையையே புரட்டிப்போடும் சம்பவம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் பதறினாலும், மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, ‘நீ களங்கப்படவில்லை’ என்று அவளை ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் இந்தக் கதை கிளப்பிய புயல் சாதாரணமானதல்ல.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ‘அந்த அம்மா அப்படி நடந்துகொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால்?’ என்று வைத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-க்கான சாகித்ய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படமாகி, லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. நாவலில் அம்மா கத்திவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு தருவதாக வந்த மாமாவின் பார்வையே சரியில்லை. கங்கா படித்து, நல்ல வேலைக்குப் போய், வெளியே வெற்றிகரமாகத் தெரிகிறாள். உள்ளே எதுவும் ஆறவில்லை.

சம்பவம் ஒன்றுதான். இரண்டு அம்மாக்கள், இரண்டு வாழ்க்கைகள்.

மனக்காயம் பற்றிய ஆய்வுகள் பிற்பாடு கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட இதேதான். மோசமான சம்பவத்துக்குப் பிறகு ஒருவர் எப்படி மீள்கிறார் என்பதில், சம்பவம் எவ்வளவு பயங்கரம் என்பதைப் போலவே, அதற்கு அடுத்து பக்கத்தில் இருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. ‘நீ ஏன் அங்க போன?’ என்ற ஒரு கேள்வி காயத்தை இன்னும் ஆழமாக்கும். ‘சொன்னியே, அது போதும்’ என்ற ஒரு பதில் பாதியை ஆற்றும்.

கங்காவுக்குப் பிறகு பிரபு வருகிறான். அவளைக் கெடுத்த அதே ஆள்! அவனோடு ஒரு விநோதமான நட்பு. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த நட்பைக் காதலாக்கி, தாலி கட்டவைத்து, ‘சுபம்’ போட்டிருப்பார்கள். ஜெயகாந்தன் போடவில்லை. பிரபு விலகிப் போகிறான், கங்கா உடைந்து குடிக்கு ஆளாகிறாள். படிக்கிறவர்களுக்குக் கோபம்தான் வரும். ஆனால் காயப்படுத்தியவனையே மருந்தாக்கும் சுலபமான வழியில் அவர் போகாததற்கு நாம் நன்றி சொல்லணும். அந்த வழியில் போன கதைகள் எக்கச்சக்கம்.

கையைப் பிடித்தால் பயம் குறையுமா?

குறையும். 2006-ல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ‘லேசான மின் அதிர்ச்சி வரப்போகிறது’ என்று பயம் காட்டினார்கள். தனியாக இருந்தபோது மூளையில் பயத்தோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கின. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாக அடங்கின.

நாவலாசிரியர்கள் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் ஒரு நிமிஷம். எல்லாக் கணவர்களின் கைக்கும் ஒரே பலன் இல்லை. உறவு நன்றாக இருந்த பெண்களுக்குத்தான் பயம் அதிகமாகக் குறைந்தது. அந்த ஆள் மேல் நம்பிக்கை இருந்தால்தான் அவன் கை மருந்து.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் எழுதிய ‘ட்ராமா அண்ட் ரெகவரி’ இந்தத் துறையில் எல்லோரும் கைகாட்டும் புத்தகம். மீளுதலை மூன்று கட்டங்களாக அவர் விளக்கினார். முதலில், பாதுகாப்பு. அடுத்தது, நடந்ததை நினைத்துப் பார்ப்பதும் இழந்ததற்காகத் துக்கப்படுவதும். மூன்றாவதாகத்தான் மறுபடி உலகத்தோடு, மனிதர்களோடு, காதலோடு சேர்வது. தனிமையில் யாரும் மீள முடியாது, உறவுகளுக்குள்தான் மீள முடியும் என்றும் அவர் அழுத்திச் சொல்கிறார். அதனால் ‘முதல்ல உன்னை நீயே முழுசா சரி பண்ணிக்கோ, அப்புறம் காதலி’ என்று இன்ஸ்டாகிராமில் சுற்றும் அறிவுரையும் பாதிதான் சரி.

இப்போது நாம் படிக்கும் கதைகளை இந்த மூன்று கட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறையக் கதைகள் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதில் போய் இறங்கும். 14-வது எபியில் அவளுக்குக் கெட்ட கனவு வரும், அவன் அணைத்துக்கொள்வான், 15-வது எபியில் கனவே வராது. நிஜத்தில் மனம் அப்படி வேலை செய்யாது. ஆறு மாசம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு நாள் கடையில் யாரோ போட்டிருந்த அதே சென்ட் வாசனைக்கு உடம்பு நடுங்கும். அன்று அவள் பழையபடி சுருண்டு படுத்துக்கொள்வாள். ‘இவ்வளவு பண்ணியும் நீ இன்னும் இப்படியே இருக்கியே’ என்று அவன் சலித்துக்கொள்கிறானா, இல்லையா? அந்த இடத்தில்தான் ஒரு நல்ல காதல் கதை ஆரம்பிக்கிறது. பெரும்பாலான தொடர்கள் அதற்குள் எபிலாக் போட்டு, இரட்டைக் குழந்தை பெற்றுக்கொடுத்து முடித்துவிடுகின்றன.

ஹெர்மன் சொல்லும் இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். காயம்பட்டவரின் கையிலிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கும் எந்த உதவியும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், மீட்சிக்கு உதவாது. ஆக, அவளைக் கேட்காமல் அவளுக்காக எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ‘கேரிங்’ ஹீரோ? அவனும் இந்தக் கணக்கில்தான் வருவான். அவள் போனை வாங்கி நம்பரை ப்ளாக் செய்து, அவள் வேலையை ராஜினாமா செய்யவைத்து, ‘இனி நான் இருக்கேன்’ என்பவனைப் படித்து நாம் ஹார்ட் போடுகிறோம்.

ஆன்டி ஹீரோ எனும் பொறி

இப்போது ராட்வே சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பழிவாங்க வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். வார்த்தையால் குத்துகிறான். சில கதைகளில் அதைவிட மோசமும் நடக்கிறது. நடுவே ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது, ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போடுகிறான். அந்த ஒரு ராத்திரிக்காக நாம் 30 எபி மன்னிக்கிறோம்.

இது தமிழுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1972-ல் அமெரிக்காவில் வெளியாகிப் புதிய அலையையே தொடங்கிவைத்த ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்’ நாவலில், தொடக்கத்திலேயே நாயகியைப் பலாத்காரம் செய்பவன்தான் பிறகு அவளது காதலன். அதைத் தாண்டி வரவே அங்கே காதல் நாவலுக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

இந்தக் கொடுமைக்கும் கனிவுக்கும் இடையேயான ஊசலாட்டம் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறது? 1981-ல் டட்டன், பெயின்டர் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ‘ட்ரமாட்டிக் பாண்டிங்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு விஷயங்கள் சேர்ந்தால் இந்தப் பிணைப்பு உருவாகும் என்றார்கள். ஒருவர் கையில் அதிகாரம் மொத்தமும் இருக்க வேண்டும். கொடுமை தொடர்ந்து நடக்காமல் விட்டுவிட்டு, நடுநடுவே அன்போடு கலந்து வர வேண்டும். எப்போதும் அடிப்பவனை விட்டு ஓடிவிடலாம். எப்போது அடிப்பான், எப்போது அழுவான் என்று தெரியாதவனை விட்டு ஓடுவதுதான் கஷ்டம். ஆன்லைன் ரம்மியில் நூறு தடவை தோற்றவரை உட்கார வைத்திருப்பது எப்போதோ ஜெயித்த அந்த ஒரு ஆட்டம்தானே? அதே கணக்கு.

வெளியிலிருந்து பார்த்தால் இது அசலாகக் காதல் போலவே தெரியும். படபடப்பு, ஏக்கம், அவன் மெசேஜுக்காகக் காத்திருப்பு, வந்ததும் கண்ணீர். கதையில் எழுத்தாளர் அவன் மனசுக்குள் இருப்பதை நமக்குத் தனியாகச் சொல்லிவிடுகிறார். ‘அவளை வதைத்த ஒவ்வொரு நொடியும் அவன் தனக்குள் செத்தான்’ என்கிற மாதிரி. நிஜத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் மனசுக்குள் எந்த எழுத்தாளரும் இல்லை. அவன் செய்வது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் கணக்குப் போடணும்.

பசங்களுக்கும் இதில் பங்கு உண்டு. காதல் தோல்வி என்றால் தாடி, குடி, கண்ணில் படுபவர்கள்மீதெல்லாம் கோபம், கடைசியில் அந்தப் பெண்ணே திரும்பி வந்து சரிசெய்வாள் என்று சினிமா சொல்லிக்கொடுத்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ‘ஆதித்ய வர்மா’க்களின் காயம் நிஜம்தான். ஆனால் அதற்கான பில்லை மட்டும் எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லில்லி கேட்ட கேள்வி

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ படிக்காதவர்கள், படம் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிவைச் சொல்லப்போகிறேன்.

2016-ல் வெளிவந்து, சில வருஷங்கள் கழித்து டிக்டாக் வாசகர்களால் உலகம் முழுக்கப் பரவிய புத்தகம் இது. 2024-ல் ப்ளேக் லைவ்லி நடிப்பில் படமும் வந்தது. லில்லி, அம்மாவை அடித்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். பாஸ்டனில் பூக்கடை வைத்திருக்கிறாள். ரைல், அழகான நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவன். அசல் ரொமான்ஸ் ஹீரோவுக்கான எல்லா லட்சணங்களும் உண்டு. நாமும் அவனைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஒரு நாள் அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் அவன் கையைச் சுட்டுவிட, அவள் சிரிக்க, அவன் தள்ளிவிடுகிறான். உடனே பதறி மன்னிப்பு. ‘தெரியாமத்தான் நடந்திருக்கும்’ என்று லில்லி நினைக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள், நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? அடுத்த முறை மாடிப்படி. அதற்கடுத்த முறை, சொல்லவே வேண்டாம்.

ரைலுக்கும் பயங்கரமான பால்யக் காயம் உண்டு. ஆறு வயதில் அவன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து அண்ணன் இறந்துபோகிறான். வழக்கமான கதையில் இந்த முன்கதை வந்ததும் எல்லாம் மன்னிக்கப்படும். ஹூவர் அந்த முன்கதையைச் சொல்கிறார், நம்மை அழவும் வைக்கிறார், ஆனாலும் மன்னிப்பை அதோடு கட்டித் தரவில்லை. குழந்தை பிறந்ததும் லில்லி அவனிடம் கேட்கும் கேள்வியின் சாரம் இது: நாளைக்கு நம் மகள் வந்து, என்னைக் காதலிப்பவன் என்னை அடிக்கிறான் என்றால் நீ அவளுக்கு என்ன சொல்வாய்? அவனுக்கே பதில் தெரிகிறது. அவள் விவாகரத்து கேட்கிறாள். தன் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று ஹூவர் சொல்லியிருக்கிறார்.

குறையே இல்லாத புத்தகம் இல்லை. பூப்போட்ட அட்டையும் காதல் விளம்பரமுமாக விற்றதால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறந்து அதிர்ந்தவர்கள் உண்டு. 2023-ல் இதை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை வெளியிடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். ஆனாலும் ஒரு வேலையை இது பிரமாதமாகச் செய்கிறது. ‘அடிச்சா கிளம்பிட வேண்டியதுதானே?’ என்று சுலபமாகக் கேட்பவர்களை, கிளம்ப முடியாதவளின் மனசுக்குள் 300 பக்கத்துக்கும் மேல் உட்கார வைக்கிறது.

சந்திரகுமார் என்ன செய்தான்?

இதமான உதாரணம் வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறது. 1986-ல் வந்த மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’. காதலித்தவன் கண்ணெதிரே குண்டடி பட்டுச் சாகிறான். திவ்யா அந்தத் துக்கத்தைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல், வீட்டார் கட்டாயத்தில் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்குப் போகிறாள். ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள்.

வக்கீலிடம் போனால், ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்கிறார். இது சினிமாவுக்காகச் சேர்த்தது இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் விவாகரத்து மனு போட முடியாது. அந்தச் சட்டப் பிரிவுதான் படத்தின் மீதிக் கதையையே நடத்துகிறது.

காத்திருக்கும் காலத்தில் சந்திரகுமார் அவள் காயத்தை ஆற்ற ஒன்றும் செய்வதில்லை என்பதைக் கவனித்தீர்களா? வசனம் பேசவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. ‘மறந்துடு’ என்று சொல்லவில்லை. விருப்பம் இல்லை என்றாள், விலகி நின்றான். அவள் கேட்டது விவாகரத்து, அதற்குக் கூடவே வக்கீலிடம் போனான். ஹெர்மனின் முதல் கட்டம் இதுதானே? அவள் ‘வேண்டாம்’ சொன்னால் அது மதிக்கப்படும் ஒரு வீடு. பாதுகாப்பு கிடைத்த பிறகு மனசு தன் வேகத்தில் திரும்புகிறது. அவள் திரும்பியபோது அவன் தன் பங்குக்கு இறுகிப்போய் நின்றான் என்பது வேறு கதை, அவனுக்கும் வலித்திருக்கிறது.

படிக்கும்போது கேட்டுப் பார்க்க...

ஆன்டி ஹீரோ கதைகளையே படிக்காதீங்க என்று சொல்லப்போவதில்லை. பேய்ப்படம் பார்ப்பவர்கள் எல்லாம் பேயைத் தேடிப் போகிறார்களா என்ன? கதைக்குள் ஆபத்தை ருசிப்பது மனுஷ இயல்பு. ராட்வே பார்த்த பெண்களே, கொடூரம் எல்லை மீறினால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைத்தவர்கள்தான். வாசகர்கள் நாம் நினைப்பதைவிட விவரமானவர்கள்.

ஆனால் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அவளுடைய கடந்த காலம் தெரிவதற்கு முன்பே அவன் கண்ணியமாக இருந்தானா? ‘பாவம், அவளுக்கு இப்படியெல்லாம் நடந்திருக்கு’ என்று தெரிந்த பிறகு மட்டும் வருகிற மென்மை, மரியாதை இல்லை, பரிதாபம். பரிதாபத்துக்கு ஆயுசு கம்மி. அப்புறம், அவளுக்கு அவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு தோழி, ஒரு வேலை, ஒரு சித்தி, மாசச் சம்பளம் வந்து விழும் ஒரு வங்கிக் கணக்கு? அவன் ஒருத்தன் மட்டுமே அவளது மொத்த உலகம் என்றால், அவன் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போனால் அவள் எங்கே நிற்பாள்? கதையில் கோபித்துக்கொண்டு போக மாட்டான். எழுத்தாளர் விடமாட்டார்.

தன் காயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு என்று கதை நினைக்கிறதா, அவளுடைய வேலை என்று நினைக்கிறதா என்பதையும் பாருங்கள். சமீப காலமாகக் கதைகளில் நாயகனோ நாயகியோ கவுன்சலிங் போகிற காட்சிகள் எட்டிப்பார்க்கின்றன. பல கதைகளில் அந்தக் கவுன்சலர் இரண்டே செஷனில் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறார் என்றாலும், கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார்களே, அதுவே பெரிசு.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் சீரியஸ். சில நேரம் கதை நம் பழைய காயத்தையே கீறிவிடும். ஒரு காட்சியைப் படித்ததும் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது, தூங்க முடியவில்லை, இரண்டு மூன்று நாள் அதுவே ஓடுகிறது என்றால், கதையை அங்கேயே நிறுத்துங்கள். ‘ஆரம்பிச்சதை முடிக்கணும்’ என்று எந்த நேர்த்திக்கடனும் இல்லை. முன்னெச்சரிக்கைக் குறிப்பு போடும் எழுத்தாளர்களை, ‘சஸ்பென்ஸ் போச்சு’ என்று திட்டாதீர்கள். அந்த இரண்டு வரி யாருக்கோ ராத்திரித் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அப்படிக் கீறிவிட்டதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். கதையில் நடப்பது உங்கள் வீட்டிலும் நடக்கிறது என்றால், பெண்களுக்கான உதவி எண் 181, 24 மணி நேரமும் உண்டு. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், ‘ஒரு கதை படிச்சேங்க, அதுல ஒரு பொண்ணுக்கு...’ என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.